நாணயங்களை அடுக்கியவர்

நான் வரைந்த ஒரு பட்டைக் குறிவரைவு, பதினேழு மாணவர்களின் சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டது. நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதில் ஓர் எண்கூடப் பொய்யில்லை. இருந்தும் அது நடந்தது.

எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்து, எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்களில் இலவசக் கணித வகுப்பு நடத்தி வந்தோம். ஒன்று நகரத்தில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில். மற்றொன்று தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் வாழும் ஒரு குடியிருப்பின் பாலாய்ராயாவில். நன்கொடை குறைந்தது. பெட்ரோல் செலவுக்கே தடுமாறும் நிலை வந்தபோது, இரண்டில் ஒன்றைத்தான் தொடர முடியும் என்று செயலவையில் பேச்சு எழுந்தது. முடிவெடுக்க வசதியாக, கடைசித் தேர்வின் சராசரி மதிப்பெண்களைக் குறிவரைவாகக் காட்டும்படி என்னிடம் சொன்னார்கள். நகர வகுப்புக்கு 58, குடியிருப்பு வகுப்புக்கு 53. இரண்டு எண்களையும் எக்செலில் போட்டேன். அதுவே பட்டைகளை வரைந்து தந்தது. நான் நீல நிறத்தையும் ஆரஞ்சு நிறத்தையும் மட்டும் தேர்ந்தெடுத்தேன்.

திரையில் நகர வகுப்பின் பட்டை, மற்றதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்து நின்றது. பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு மாதம் கழித்துப் புள்ளியியல் பாடத்துக்கு ஓர் இடுபணி வந்தது. ஏதாவது ஒரு வகைக் குறிவரைவின் வரலாற்றை எழுத வேண்டும். இருப்பதில் எளிமையானது என்று பட்டைக் குறிவரைவைத் தேர்ந்தெடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் பட்டைக் குறிவரைவாக இருந்தது, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கார்ட்டா பாலாங் ஆனது, பல்கலைக்கழகத்தில் பார் சார்ட் ஆகிவிட்டது. மூன்று மொழியில் படித்தும், அதை முதலில் வரைந்தவர் யார் என்று ஒரு மொழியிலும் நான் கேட்டதில்லை. தேடியபோது கிடைத்த பெயர் வில்லியம் பிளேஃபேர். யாரோ ஒரு பெரிய கணித மேதை என்று நினைத்துத்தான் படிக்கத் தொடங்கினேன்.

மேதை அவருடைய அண்ணன்.

பிளேஃபேர் 1759 செப்டம்பர் 22-ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் டண்டீ நகருக்கு அருகிலுள்ள லிஃப் என்ற ஊரில் பிறந்தார். தந்தை தேவாலயப் போதகர். 1772-இல் தந்தை இறந்தபோது சிறுவனுக்குப் பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை. குடும்பப் பொறுப்பும் தம்பியின் படிப்பும் மூத்த அண்ணன் ஜான் தலையில் விழுந்தன. இந்த ஜான் பிளேஃபேர்தான் பின்னாளில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானவர். நிலவியல் வரலாற்றிலும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

அண்ணன் தம்பிக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் வெப்பமானியைப் பார்த்து அளவைக் குறித்து வைக்க வேண்டும். எண்ணாக மட்டும் எழுதி வைத்தால் போதாது. அதைக் கோடாக வரைந்தும் காட்ட வேண்டும். எண்ணால் சொல்லக்கூடிய எதையும் கோட்டாலும் சொல்லலாம் என்பது அண்ணன் கற்றுக்கொடுத்த பாடம். வயதான பிறகும் பிளேஃபேர் இதை மறக்கவில்லை. தம் கண்டுபிடிப்புக்கு விதை அண்ணன் போட்டது என்று எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அவர் பலரை ஏமாற்றியவர். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் கணக்கு நேராக இருக்கிறது.

அவர் பள்ளி, கல்லூரி என்று முறையாகப் படித்து முன்னேறவில்லை. கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கிய ஆண்ட்ரூ மெய்க்கிலிடம் தொழில் பழகினார். 1777-இல் பர்மிங்ஹாம் சென்று, நீராவி எந்திரத்துக்குப் பெயர்போன ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகவும் உதவியாளராகவும் சேர்ந்தார். அன்றைய உலகில் ஓர் இளைஞனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. எந்திரத்தின் ஒவ்வொரு பாகத்தையும் அளவு பிசகாமல் தாளில் வரைவது அவர் வேலை. ஆனால் வாட்டுக்கு முழுத் திருப்தி இல்லை. இந்தப் பையன் பிழை விடுகிறவன், கவனமாக இருக்க வேண்டும் என்ற பொருளில் தம் கூட்டாளி போல்ட்டனை எச்சரித்திருக்கிறார். நானும் வார இறுதியில் ஓர் அலுவலகத்தில் தரவு பதியும் வேலை பார்த்தவள். அந்த எச்சரிக்கையைப் படித்தபோது, என்னைப் பற்றியும் யாராவது இப்படி எழுதியிருப்பார்களோ என்று ஒரு கணம் தோன்றியது.

சில ஆண்டுகளில் அங்கிருந்து விலகி, லண்டனில் வெள்ளிச் சாமான் தொழில் தொடங்கினார். அது நொடித்தது. அவருடைய தொழில்களில் பெரும்பாலானவை நொடித்தவைதான். அவற்றையெல்லாம் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. அவருக்கு வாய்த்த இன்னொரு பிழைப்பு எழுத்து. அரசியல், பொருளாதாரம், வரி, கடன் என்று எதைப் பற்றியும் எழுதுவார். அப்படி எழுதிய நூல்களில் ஒன்று 1786-இல் வெளிவந்தது. அதற்கு அவர் வணிக, அரசியல் அட்லஸ் என்று பெயர் வைத்தார். அட்லஸ் என்றதும் நாட்டுப் படங்கள் இருக்கும் என்று திறந்தால் ஏமாந்துபோவீர்கள். நிலப்படம் ஒன்றுகூடக் கிடையாது. உள்ளே இருப்பவை 44 குறிவரைவுகள்.

அவற்றில் 43, காலத்தோடு ஓடும் கோட்டுக் குறிவரைவுகள். இங்கிலாந்து ஒவ்வொரு நாட்டுடனும் செய்த ஏற்றுமதியும் இறக்குமதியும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறி இறங்கிய கதை அவற்றில் இருக்கிறது. கீழே ஆண்டுகள், பக்கத்தில் பணம், இரண்டு கோடுகள், நடுவில் வண்ணம் பூசிய இடைவெளி. ஏற்றுமதிக் கோடு மேலே இருந்தால் லாபம், கீழே இருந்தால் நட்டம். அதுவரை வணிகக் கணக்கு என்றால் எண்கள் நிறைந்த நீண்ட அட்டவணைதான். ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடும். அதே கணக்கை ஒரு பார்வையில் காட்டிவிடலாம் என்று இவர் செய்து காட்டினார்.

நாற்பத்து நான்காவது படத்தில்தான் சிக்கல். ஸ்காட்லாந்து, அவருடைய சொந்த நாடு. அதற்குப் பல ஆண்டுக் கணக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரை ஒரே ஓர் ஆண்டின் கணக்குத்தான் கையில் இருந்தது. ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியாது. ஒரு புள்ளியிலிருந்து எங்கே இழுப்பது? அந்தப் படத்தை விட்டுவிட்டிருக்கலாம். அவர் விடவில்லை. காலத்தைக் காட்டும் அச்சை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாடுகளின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் நேராக இரண்டு பட்டைகளைப் படுக்கை வசத்தில் நீட்டினார். கருப்புப் பட்டை ஏற்றுமதி, வரிவரியாகக் கோடு போட்ட பட்டை இறக்குமதி. குறுக்கே உள்ள கட்டங்கள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் பவுண்டு.

இன்று நாம் பள்ளியில் வரையும் பட்டைக் குறிவரைவு இதுதான். பதினேழு இடங்கள் அதில் இருக்கின்றன. சிறியவை மேலே, பெரியவை கீழே. எல்லாவற்றுக்கும் அடியில் அயர்லாந்து, மிக நீளமான பட்டையுடன். அதற்கு மேலே ரஷ்யா: அங்கிருந்து வந்த சரக்கின் பட்டை நீண்டு கிடக்கிறது, அங்கே போன சரக்கின் பட்டை குட்டையாக நிற்கிறது. ஸ்காட்லாந்து யாரை நம்பிப் பிழைத்தது, யாரிடம் வாங்கிக்கொண்டே இருந்தது என்பது ஒரு வார்த்தை படிக்காமலே தெரிகிறது. நாடுகளை அகர வரிசையில் அடுக்காமல் அளவு வரிசையில் அடுக்கியது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். நூலகத்தில் உட்கார்ந்து அதே பதினேழு பெயர்களையும் கலைத்துப் போட்டு வரைந்து பார்த்தேன். படம் ஊமையாகிவிட்டது.

உலகின் முதல் பட்டைக் குறிவரைவு என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். இதற்கு முன்பே, 1765-இல், ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் புகழ்பெற்ற மனிதர்களின் வாழ்நாளைக் கோடுகளாக வரைந்திருந்தார். அந்தக் கடனையும் பிளேஃபேர் மறைக்கவில்லை. ஆனால் காலத்துக்கும் இடத்துக்கும் தொடர்பில்லாத ஓர் அளவை, பணத்தை, பட்டையின் நீளமாக மாற்றியது இவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை. மற்ற படங்களோடு ஒப்பிட்டால் இது பயன் குறைந்தது என்று நூலிலேயே குறைப்பட்டுக்கொள்கிறார். ஓர் ஆண்டுக் கணக்கு இருப்பதை மட்டும் காட்டும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டாது என்பது அவர் வருத்தம். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அது ஒரு வரலாற்றுத் தகவலாக மட்டும்தான் இருந்தது. பிறகுதான் அது உறைத்தது. அதற்கு முன், அவர் சொன்ன நாணயக் குவியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பணத்தை எப்படி நீளமாகக் காட்ட முடியும், இது என்ன வித்தை என்று வாசகர்கள் கேட்பார்கள் என அவருக்குத் தெரியும். அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரு வணிகர் அன்றன்று கிடைக்கும் பணத்தையெல்லாம் கினி என்ற தங்க நாணயங்களாக வாங்கி, மாலையில் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு குவியல். நாளை அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இப்படியே வரிசையாக அடுக்கிக்கொண்டு போனால், எந்த நாள் நல்ல நாள், எந்த நாள் மோசமான நாள் என்பதைக் குவியலின் உயரமே சொல்லிவிடும். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. என் படங்களும் இதேதான், தாளில் அடங்கும்படி சிறிதாக்கியிருக்கிறேன், அவ்வளவுதான் என்கிறார்.

இடுபணிக்காக இதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. நாணயக் குவியல் மேசையிலிருந்துதான் தொடங்கும். மேசைக்கு நடுவில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு குவியலிலும் அடியில் உள்ள ஐம்பது நாணயத்தைக் கீழே இறக்கிவிட்டு, மேலே தெரிவதை மட்டும் பார்த்து ஒப்பிடுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மடிக்கணினியைத் திறந்து, செயலவைக்குக் காட்டிய படத்தைத் தேடி எடுத்தேன். இடப்பக்க அச்சு 50-இல் தொடங்கியது. 58 மதிப்பெண் எட்டுக் கட்டமாகவும் 53 மதிப்பெண் மூன்று கட்டமாகவும் நின்றன. ஐந்து மதிப்பெண் வித்தியாசத்தை இரண்டரை மடங்கு வித்தியாசமாக நாங்கள் பத்துப் பேர் பார்த்திருக்கிறோம். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சைப் பாதியில் தொடங்கிவிடும். அதை மாற்ற ஒரு சொடுக்குப் போதும். நான் நிறத்தைத்தான் மாற்றினேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாக் குறிவரைவும் பூச்சியத்தில் தொடங்க வேண்டும் என்பதில்லை. பிளேஃபேர் சிறுவனாக வரைந்த வெப்பநிலைக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டில் நாம் பார்ப்பது அது வளையும் விதத்தை. அது எங்கே தொடங்கினாலும் ஏற்றம் ஏற்றம்தான், இறக்கம் இறக்கம்தான். பட்டை அப்படியல்ல. பட்டையில் நாம் பார்ப்பது அதன் முழு நீளத்தை. ஒரு பட்டை இன்னொன்றைப் போல் இரண்டு மடங்கு இருந்தால், பொருளும் இரண்டு மடங்கு என்று கண் நம்பிவிடும். அச்சில் எழுதியிருக்கும் எண்ணை அதற்குப் பிறகு யாரும் படிப்பதில்லை. நானே படிக்கவில்லையே, வரைந்தது நான்தானே.

ஜேம்ஸ் வாட் இதை அன்றே ஓரளவு உணர்ந்திருந்தார். பழைய உதவியாளர் நூல் எழுதுகிறார் என்று தெரிந்ததும் ஒரு யோசனை சொன்னார். படங்களோடு அட்டவணைகளையும் அச்சிட வேண்டும். எண்களைச் சரிபார்க்க வழியில்லாத படத்தை மக்கள் நம்பமாட்டார்கள் என்பது அவர் கருத்து. எந்திரம் செய்கிறவரின் புத்தி அப்படித்தான் போகும். சரிபார்க்க முடியாத எதிலும் அவர் சாயமாட்டார்.

நூல் இங்கிலாந்தில் பெரிய பரபரப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. ஆனால் ஒரு பிரதி பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயியின் கைக்குப் போனது. மன்னருக்குப் புவியியலில் ஆர்வம் உண்டு. படத்தைப் பார்த்த உடனே புரிந்துகொண்டு மகிழ்ந்தாராம். இவை எல்லா மொழியும் பேசுகின்றன என்று பாராட்டினாராம். இதைச் சொல்பவர் பிளேஃபேர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் 1787-இல் அவர் பாரிசுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1789-இல், அதாவது புரட்சி வெடித்த ஆண்டில், வெளிவந்தது.

பாரிசில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்தது. சியோட்டோ கம்பெனி என்று ஒன்று, அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றங்கரையில் நிலம் இருக்கிறது என்று பிரெஞ்சுக்காரர்களிடம் விற்றது. அதன் பாரிஸ் விற்பனையில் பிளேஃபேருக்கு முக்கியப் பங்கு. புரட்சியைக் கண்டு பயந்த குடும்பங்கள் இருந்ததை விற்று நிலம் வாங்கின. நூற்றுக்கணக்கானோர் 1790-இல் கப்பலேறினார்கள். அங்கே போய் இறங்கிய பிறகுதான், தாங்கள் வாங்கிய பத்திரத்துக்கு மதிப்பில்லை, விற்றவர்களுக்கே அந்த நிலம் சொந்தமில்லை என்று தெரிந்தது. அவர்கள் குடியேறிய கலிப்போலிஸ் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. ஏமாந்துபோய்க் காட்டுக்குள் நின்ற அந்தக் குடும்பங்களைப் பற்றி, பட்டைக் குறிவரைவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஓரிரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் ஊரிலும் இல்லாத நிலத்துக்கும் வராத வேலைக்கும் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மையும்கூட. பிளேஃபேருக்கு முதலாவதைத் தாளில் அடுக்கத் தெரிந்தது.

புரட்சி முற்றியதும் லண்டனுக்குத் திரும்பி, அந்தப் புரட்சியையே தாக்கி எழுதித் தள்ளினார். ஒரு வங்கி தொடங்கினார்; அதுவும் மூடப்பட்டது. கடனால் ஃப்ளீட் சிறையிலும் இருந்தார். இத்தனைக்கும் நடுவில் 1801-இல் இன்னொரு சிறிய நூல். அதில் நாடுகளின் பரப்பளவை வட்டங்களாக வரைந்தார். துருக்கிப் பேரரசு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று மூன்று கண்டங்களில் பரவியிருந்ததால், அதன் வட்டத்தை மூன்று துண்டாகப் பிரித்து வெவ்வேறு வண்ணம் தீட்டினார். வட்டக் குறிவரைவு பிறந்துவிட்டது. கோடு, பட்டை, வட்டம். நாம் பள்ளியில் படிக்கும் மூன்றையும் ஒரே மனிதர் பதினைந்து ஆண்டுக்குள் கொடுத்துவிட்டார் என்பதை என் வகுப்புத் தோழிகள் யாரும் நம்பவில்லை. 1805-இல் ஆடம் ஸ்மித்தின் புகழ்பெற்ற பொருளாதார நூலுக்குக் குறிப்புகள் சேர்த்துப் புதிய பதிப்பும் கொண்டுவந்தார். அறிவுக்குக் குறையில்லை. வருமானத்துக்குத்தான் குறை. அந்தக் குறையைத் தீர்க்க அவர் தேடிய வழிகள் நல்லவையல்ல. டக்ளஸ் பிரபு என்ற ஸ்காட்லாந்துச் செல்வந்தரின் பழைய குடும்ப வழக்குத் தொடர்பான தாள்கள் தம்மிடம் இருப்பதாகக் கடிதம் எழுதிப் பணம் பறிக்கப் பார்த்தது அவற்றில் ஒன்று. பிரபு மசியவில்லை. மறுபடி பாரிசுக்குப் போய்ப் பத்திரிகை நடத்தினார். அதில் எழுதிய ஒன்றுக்காக அவதூறு வழக்கில் தண்டனை விதிக்கப்பட, லண்டனுக்கே தப்பி ஓடிவந்தார்.

கடைசியில் ஒரு படம் இருக்கிறது. 1821-இல், அறுபத்திரண்டு வயதை நெருங்கும்போது வரைந்தது. இங்கிலாந்தில் விவசாயிகள் பெரும் துன்பத்தில் இருந்த காலம். 1565 முதல் 1821 வரை, இரண்டரை நூற்றாண்டுக்கு மேல், கோதுமையின் விலையைக் கருமையான பட்டைகளாகவும், கைத்தொழிலாளியின் வாரக் கூலியை அவற்றின் கீழே ஓடும் கோடாகவும் வரைந்தார். உச்சியில் எலிசபெத் அரசி தொடங்கி நான்காம் ஜார்ஜ் வரை மன்னர்களின் ஆட்சிக் காலம். பார்க்க அத்தனை அழகு. நான் அதை அச்சடித்து அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இந்தப் படத்தில் ஒரு விநோதம். கூலியோடு ஒப்பிட்டால், கோதுமை முன்பு எப்போதும் இவ்வளவு மலிவாக இருந்ததில்லை என்பதுதான் பிளேஃபேர் நிறுவ விரும்பியது. படத்தைப் பாருங்கள்: வலப்பக்கம் போகப் போகப் பட்டைகள் மலைபோல் எழுகின்றன, கூலிக்கோடு மெல்ல ஏறுகிறது. கண்ணுக்குத் தெரிவது விலையேற்றம். அவர் சொல்வதோ அதற்கு நேரெதிர். ஒரு குறிப்பிட்ட அளவு கோதுமை வாங்க ஒரு தொழிலாளி எத்தனை வாரம் உழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு காலத்துக்கும் வகுத்து, அந்த விடையைப் பட்டையாக வரைந்திருந்தால் அவர் வாதம் பளிச்சென்று தெரிந்திருக்கும். வகுக்க வேண்டிய இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். பட்டையைக் கண்டுபிடித்தவரே தம் கேள்விக்குத் தவறான பட்டையை வரைந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கொஞ்சம்தான்.

1823 பிப்ரவரி 11-ஆம் தேதி, லண்டனில் வறுமையில் இறந்தார். அவருடைய நாட்டில் அவருடைய முறை உடனே பரவவில்லை. படம் துல்லியமில்லாதது, அட்டவணைதான் அறிஞர்களுக்குரியது என்ற எண்ணம் நீண்ட காலம் நீடித்தது. பல பத்தாண்டுகள் கழித்து, ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் குறிவரைவுகளை மீண்டும் கையில் எடுத்தபோதுதான், இதற்கெல்லாம் முன்னோடி பிளேஃபேர் என்ற பேச்சு இங்கிலாந்தில் எழுந்தது.

இடுபணியை ஒப்படைத்த இரவு, பழைய கோப்பு ஒன்றைத் தேடினேன். ஓர் ஆண்டுக் கணக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டாது என்ற அவருடைய குறை என்னை விடவில்லை. வகுப்புகள் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு இடத்திலும் ஒரு சோதனை வைத்திருந்தோம். அந்த எண்களை நான் படத்தில் சேர்க்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. நகர வகுப்பு 51-இல் தொடங்கி 58-க்கு வந்திருந்தது. குடியிருப்பு வகுப்பு 38-இல் தொடங்கி 53-க்கு வந்திருந்தது. ஏழு மதிப்பெண் ஏறிய வகுப்பைத் தொடர்ந்து நடத்தினோம். பதினைந்து மதிப்பெண் ஏறிய வகுப்பை மூடினோம்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் புதிய படத்தைப் போட்டேன். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பட்டைகள், முதல் சோதனையும் கடைசித் தேர்வும். அச்சு பூச்சியத்திலிருந்து. கீழே எண்களை அட்டவணையாகவும் வைத்தேன். வாட் சொன்னபடி. முதல் படத்தையும் அதற்குப் பக்கத்திலேயே போட்டு, தவறு என்னுடையது என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. ஓர் அண்ணன், பதினேழு பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஓரிருவர் நன்றாகச் செய்தாலே சராசரி ஏறிவிடும் என்றார். அது நியாயமான கேள்வி. ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் எடுத்துக் காட்டினேன். பதினேழில் பதினான்கு பேர் ஏறியிருந்தார்கள். பணம் ஏற்கனவே வேறு செலவுக்குப் போய்விட்டது என்றார் பொருளாளர் அக்கா. நீண்ட நேரம் பேசினோம். முடிவில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அங்கே போவோம், பெட்ரோலை நாங்களே பகிர்ந்துகொள்வோம் என்று நான்கு பேர் ஒப்புக்கொண்டோம்.

போன சனிக்கிழமை பாலாய்ராயாவைத் திறந்தோம். நாற்காலிகளில் தூசி படிந்திருந்தது. பதினேழு பேரில் பதினொருவர் வந்திருந்தார்கள்.